அக்டோபர் முடிந்தால் ஸ்மால்மவுத் இரை எடுக்காதா?

அக்டோபர் 27 (வாசகர் கேள்வி)

பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. கோடை முழுக்க சஸ்குவஹானா ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனைப் பிடித்தேன். ஒரே மாலையில் பதினைந்து கூடக் கிடைத்திருக்கிறது. அக்டோபர் பாதியிலிருந்து அதே இடம், அதே லூர் (செயற்கை இரை), ஒரு தட்டல்கூட இல்லை. தூண்டில் கடைக்காரர் "முடிந்தது, ஏப்ரலில் வா" என்கிறார். தண்ணீர் குளிர்ந்தால் இந்த மீன் சாப்பிடாதா? ராடைத் துடைத்து உள்ளே வைத்துவிடலாமா அண்ணா?

அக்டோபர் 28

வைக்காதீர்கள் தம்பி. என் பெரிய மீன்களில் பாதிக்கு மேல் நவம்பர் 10-க்கும் டிசம்பர் முதல் வாரத்துக்கும் நடுவில் பிடித்தவை. எண்ணிக்கை குறையும், அது உண்மை. ஒரு நாளுக்கு மூன்று, நான்கு, சில நாள் ஒன்றுமே இருக்காது. ஆனால் வருவது பதினெட்டு அங்குலமாக வரும்.

சாப்பிடாமல் இல்லை, இடம் மாறிவிட்டன. ஹாரிஸ்பர்க்கில் ஆறு கிட்டத்தட்ட ஒரு மைல் அகலம், பெரும்பாலும் முழங்காலிலிருந்து இடுப்பு வரைதான் ஆழம். கோடையில் அந்த அகலம் முழுக்க மீன் பரவிக்கிடக்கும். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனதும் ஆழமான, ஓட்டம் குறைந்த மடுக்களைத் தேடிப் போய்விடும். சில மீன்கள் அதற்காகப் பல மைல் நீந்தும். நீங்கள் குடிபெயர்ந்துபோன வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் 28, இரவு

விட்டுப்போனது: முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். மீன் தொட்டிக்கு விற்பது போதும், கயிறு கட்டித் தண்ணீரில் விடலாம். காற்று 65 டிகிரி அடிக்கிற வெயில் நாளில் ஆறு 47-இல் இருக்கும். நம் உடம்புக்குத் தோன்றுவதை வைத்து மீனைக் கணக்குப் போட முடியாது.

நவம்பர் 2

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கேள்வியில் "இடுப்பளவுத் தண்ணீரில் நின்று" என்று இருந்ததைப் பார்த்தும் மீன் எங்கே போனது என்பதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் இடுப்பளவு வேண்டாம். முழங்காலோடு நிறுத்துங்கள், தனியாகப் போகாதீர்கள். நான்கு வருடம் முன்பு நவம்பர் நடுவில், வேடர் (தண்ணீர் புகாத நீளக் கால்சட்டை) போட்டுக்கொண்டு ஒரு பாறை விளிம்பில் நடந்துபோகையில் பாசியில் கால் வழுக்கி நெஞ்சு வரை உள்ளே போனேன். தண்ணீர் 44 டிகிரி. அப்போது மூச்சு நம் சொல்பேச்சு கேட்காது. வாயைத் திறந்து இழு இழு என்று இழுக்கிறது, அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். அந்த முதல் நிமிடத்தைத் தாண்டினால் விரல்கள் வேலை செய்ய ஏறக்குறைய பத்து நிமிடம் இருக்கிறது. பிறகு பிடித்த கிளையைக்கூட இறுக்க முடியாது. அன்று கரை பத்தடி தூரத்தில் இருந்தது, இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தேன், வேடருக்குள் தண்ணீர் முழுதாக ஏறவில்லை. வண்டியின் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பவே எனக்கு இரண்டு கை தேவைப்பட்டது. வீட்டில் சொல்ல ஒரு வாரம் ஆனது.

கயாக்கில் போகிறவர்களுக்கு: பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கயாக், கனூ, பதினாறு அடிக்குக் குறைந்த படகு எதுவானாலும் லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் போட்டிருக்க வேண்டும். படகுக்குள் கிடந்தால் போதாது. நங்கூரம் போட்டு நின்றாலும் அதே சட்டம்தான்.

அப்புறம், நகரத்துக்குக் கீழே டாக் ஸ்ட்ரீட் அணை. பார்த்தால் தடுப்புச்சுவர் அளவுக்குத்தான் தெரியும். மேலிருந்து வந்தால் கண்ணுக்கே படாது. கீழே விழுகிற தண்ணீர் திரும்பிச் சுருண்டு, விழுந்தவரை வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். பலர் அங்கே இறந்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் மீன் இருக்கிறது என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

நவம்பர் 3

என்ன லூர் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பருவத்தில் மூன்று போதும்.

மூன்றரை அங்குல ட்யூப் (குழாய் வடிவ மென்மையான பிளாஸ்டிக் இரை), பாசிப்பச்சை நிறம். ஆற்றில் இதன் முக்கியமான தீனி கல்லுக்கடியில் கிடக்கும் நண்டுபோன்ற கிராஃபிஷ். ட்யூப் தரையில் கிடக்கும்போது அதுபோலவே இருக்கும். இரண்டாவது, மான்முடி கட்டிய ஜிக், அதாவது கனத்த தலை வைத்த முள். மூன்றாவது, தண்ணீருக்குள் மிதக்காமலும் மூழ்காமலும் அப்படியே நிற்கிற ஜெர்க்பெய்ட்.

எடை முக்கியம். கோடையில் கால் அவுன்ஸ் போட்டவர்கள் இப்போது அரைக்கால் அவுன்ஸுக்கு இறங்குங்கள். ஓட்டமே இல்லாத மடுவில் மாகாணி அவுன்ஸ்கூட சரிதான். காலே அரைக்கால், மாகாணி என்று பாட்டி வாய்ப்பாடு சொல்லும்போது இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். இங்கே ஜிக் பொட்டியில் 1/8, 1/16 என்று பார்த்தபோது பாட்டி குரல்தான் காதில் கேட்டது.

தூண்டில் நரம்பு எட்டு பவுண்டு தாங்குவது.

நவம்பர் 9

இன்று காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. தண்ணீர் 49 டிகிரி. மீன் இல்லை.

இலை. சைகமோர் இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு, மேலே மிதப்பது கண்ணுக்குத் தெரியும், நனைந்து நடுத்தண்ணீரில் போவதுதான் தொல்லை. ஜெர்க்பெய்ட்டில் மூன்று கொக்கி, ஒவ்வொரு வீச்சுக்கும் மூன்று இலை. இலை விழும் வாரங்களில் ஒற்றை முள் ஜிக் மட்டும் எடுத்துப்போவது நல்லது. மழை வந்து ஆறு ஓரடி ஏறி இறங்கினால் இலை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், அதற்குப் பிறகுதான் நல்ல நாட்கள்.

ஹாரிஸ்பர்க் நீர்மட்ட அளவியை இணையத்தில் தினமும் பார்க்கலாம். நான்கு அடியைச் சுற்றி இருந்தால் கிளம்புவேன். ஆறு அடியைத் தாண்டினால் வீட்டில் இருப்பேன்.

நவம்பர் 10

அக்டோபர் 28-இல் "50 டிகிரிக்குக் கீழே போனதும்" என்று ஸ்விட்ச் போட்டதுபோல எழுதிவிட்டேன். ஒரு நண்பர் தனியாக எழுதினார், அவர் முப்பது வருடம் இதே ஆற்றில் ஜெட் படகு ஓட்டுகிறவர். அவர் சொல்வது: நகர்வு செப்டம்பர் கடைசியிலேயே மெல்லத் தொடங்கிவிடும், பகல் குறைவதும் காரணம். 50 என்பது பாதிப் பயணம். நடுவழியில் தங்கும் இடங்கள் உண்டு, மடுவின் மேல்முனையில் பாறைத்தட்டு முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு அப்படிப்பட்டது.

யோசித்தால் அவர் சொல்வதே சரி. நேற்று நான் மடுவின் அடியில் தேடினேன். மீன் இன்னும் வாசலில் நின்றிருக்கும்.

நவம்பர் 16

நேற்றைய நாளை முழுதாக எழுத வேண்டும்.

புதன்கிழமை மழை, ஆறு ஏறி இறங்கியது. தண்ணீர் 45, தேநீர் நிறத்திலிருந்து தெளிந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக வெப்பநிலை நிலையாக இருந்தது, மேகமூட்டம், காற்று இல்லை. டாஃபின் என்ற ஊருக்கு மேலே, மலை இரண்டு பக்கமும் ஆற்றை நெருக்கும் இடத்தில், பழைய ரயில் பாலத்தின் கல்தூண் மேல் ஒரு சின்ன சுதந்திரதேவி சிலை நிற்கும். 1986-இல் யாரோ விளையாட்டாகக் கொண்டுபோய் வைத்தது, அது சேதமான பிறகு ஊர்க்காரர்கள் உறுதியாக வேறொன்று செய்து வைத்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை காட்டிவிட்டுப் போவது என் மகளின் பழக்கம், அவள் வராத நாளிலும் நான் காட்டுகிறேன்.

அங்கிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதை எழுதமாட்டேன். ஒரு தீவின் வால். மேலே இரண்டடித் தண்ணீர் பாறைத்தட்டின் மேல் சலசலவென்று ஓடுகிறது, தட்டு முடிந்ததும் திடீரென்று எட்டடி. ஓட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போக, தீவின் நிழல்போல ஒரு மந்தமான சுழி. மிதக்கும் இலை அங்கே வந்து வட்டமடித்து, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். அந்த இலை நிற்கிற இடம்தான் நாம் தேடுகிற இடம்.

முதல் ஒன்றரை மணி நேரம் ஒன்றுமில்லை. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன், அதுதான் காரணம். கோடையில் கை பழகிய வேகம் உடம்பிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றுவதற்காக ராடை முட்டியில் சாய்த்து வைத்தேன். ட்யூப் அடியில் கிடந்தது. மூடியைத் திருகி, ஊற்றி, ஒரு வாய் குடித்து, ராடை எடுத்தால் கனம். தட்டல் இல்லை, இழுப்பு இல்லை. நரம்பின் மறுமுனையில் ஈரத்துணி மாட்டியதுபோல ஒரு கனம், அவ்வளவுதான். அந்தத் துணி ஒரு நொடி கழித்து நகர்ந்தது.

குளிர்நீரில் இந்த மீன் துள்ளாது. ஜூலையில் மூன்று தடவை தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறுகிற அதே மீன், நவம்பரில் அடியை விட்டு வர மறுத்துக் கீழேயே கனத்துக்கொண்டு நிற்கும். படகைச் சுற்றி இரண்டு முறை போனது. மேலே வந்தபோது பத்தொன்பதரை அங்குலம். வெண்கல நிறம், பக்கவாட்டில் கருத்த பட்டைகள், கண்ணில் சிவப்பு, நவம்பர் வயிறு, உருண்டையாக. வாய்க்குள் தொண்டைப்பக்கம் கிராஃபிஷ் மீசை நீட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு முன் எவ்வளவு தின்ன முடியுமோ அவ்வளவு தின்றுகொண்டிருக்கிறது, ஆனால் ஓடிப்போய்ப் பிடித்துத் தின்ன அதற்கு இஷ்டமில்லை. பக்கத்தில் வந்து கிடந்தால் வாயைத் திறக்கும்.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே ராடைத் தொடாமல் இருபது எண்ணினேன். நகர்த்துவது ஆறு அங்குலம், மறுபடியும் இருபது. மூன்று மீன், எல்லாமே அசையாமல் கிடந்தபோது எடுத்தவை. ஒன்றுகூட இழுக்கும்போது எடுக்கவில்லை. தம்பி, உங்கள் கேள்விக்கு நான் சொல்ல நினைத்தது முழுக்க இந்த இருபது எண்ணிக்கையில் இருக்கிறது.

நவம்பர் 17

இடம் கேட்டு ஏழு பேர். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோடையில் என்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டே போய்க் காட்டுவேன். இப்போது பல மைல் ஆற்றின் மீன் சில மடுக்களில் அடுக்கி வைத்ததுபோல நிற்கிறது. ஒரு மடு பத்துப் பேருக்குத் தெரிந்தால் ஒரே மீன் வாரத்துக்கு மூன்று முறை முள்ளில் மாட்டும்.

இந்த ஆற்றுக்கு ஒரு கதை இருக்கிறது. 2005 கோடையில், தண்ணீர் குறைந்து சூடேறியிருந்தபோது, அந்த வருடம் பொரித்த ஸ்மால்மவுத் குஞ்சுகள் உடம்பெல்லாம் வெள்ளைப் புண்ணோடு செத்து மிதந்தன. பாக்டீரியா, பிறகு வைரஸ், ஹார்மோனைக் குழப்பும் வேதிப்பொருட்கள் என்று காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. அடுத்த பல வருடங்களும் அப்படித்தான். குஞ்சு இல்லையென்றால் ஐந்து வருடம் கழித்துப் பெரிய மீன் எங்கிருந்து வரும்? 2011-இல் சன்பரியிலிருந்து ஹோல்ட்வுட் அணை வரையும், ஜுனியாட்டா ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் பாஸ் பிடித்தால் உடனே விட வேண்டும் என்று விதி வந்தது. போகும் முன் மீன்வளத் துறையின் இந்த வருட விதிப் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்போது மீண்டிருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். இருபது அங்குல மீனுக்கு இங்கே வயது பத்தைத் தாண்டியிருக்கும். நான் பிடித்துவிட்ட சிலது அந்த மோசமான வருடங்களில் பிழைத்தவையாகக்கூட இருக்கலாம்.

மடுவை நீங்களே கண்டுபிடிக்க வழி சொல்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் வற்றியிருக்கும்போது நடந்து பாருங்கள். சுற்றிலும் பாறை தெரிய, நடுவில் மட்டும் அடி தெரியாமல் கறுத்திருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை அடுக்கி ஆங்கில 'வி' எழுத்துபோல ஆற்றின் குறுக்கே கட்டிய பழைய விலாங்குப் பொறிகள் சில இடங்களில் இன்னும் தெரியும், இந்த மண்ணின் பூர்வகுடிகள் தொடங்கிய முறை. அந்தக் கல்வரிசை கோடையில் மீன் பிடிக்க அருமை, நவம்பரில் பயனில்லை, ஆனால் எவ்வளவு நூற்றாண்டாக மனிதர்கள் இதே தண்ணீரைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நின்று பார்க்கத் தோன்றும்.

நவம்பர் 20

ஒருவர் கேட்டிருக்கிறார்: "பூர்வகுடி என்றதும் நினைவு வந்தது, ஸ்மால்மவுத் இந்த ஆற்றின் சொந்த மீனா?" இல்லை. மேற்கே ஓஹாயோ ஆற்றுப் பக்கத்து மீன். 1854-இல் ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டு மலையைத் தாண்டிக் கொண்டுவந்து மேரிலாந்தின் கம்பர்லாந்தில் விட்டார்கள், அப்படித்தான் பொட்டோமாக் ஆற்றில் பெருகியது. சஸ்குவஹானாவுக்கும் அதன்பிறகு கொண்டுவந்து விடப்பட்டதுதான். நம்மைப் போலவே வந்து குடியேறியது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இன்னொருவர், "விட்டுவிடத்தான் பிடிக்கிறீர்களா, குழம்பு வைத்தால் என்ன?" என்கிறார். ஸ்மால்மவுத்துக்கு விதி இடம் தராது. குழம்புக்குத்தான் என்றால் ஃப்ளாட்ஹெட் கெளுத்தி இருக்கிறது. அது வெளியிலிருந்து வந்து ஸ்மால்மவுத் குஞ்சையும் சேர்த்துத் தின்கிறது, எடுத்துப்போனால் ஆற்றுக்கு நல்லது. ஆனால் இந்த மாநிலத்து ஆற்றுமீனை வாரம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்று அரசே சொல்கிறது, பாதரசம் போன்ற மாசுகள்தான் காரணம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

இன்னும் கீழே கானவிங்கோ அணைப் பக்கம் ஸ்னேக்ஹெட் இருக்கிறது. அது யார் தெரியுமா, நம் விராலின் ஒன்றுவிட்ட அண்ணன். ஊரில் விரால் கிடைத்தால் தெருவே வந்து எட்டிப் பார்க்கும். இங்கே அதே குடும்பத்து மீனை உயிரோடு வைத்திருப்பதே குற்றம், பிடித்தால் கொன்றுவிடச் சொல்கிறார்கள். கொன்றபின் குடம்புளி போடலாமா மாங்காய் போடலாமா என்பதை வேறு இடத்தில் பேசுவோம், இங்கே தொடங்கினால் ஸ்மால்மவுத் காணாமல் போய்விடும்.

நவம்பர் 24

மூன்று நாளாக ஒன்று உறுத்துகிறது. ஒரு அக்கா எழுதியிருந்தார்: "ஒரே மடுவில் அடைந்து கிடக்கிற மீனை, அது அசைய முடியாத குளிரில் போய்ப் பிடிப்பது நியாயமா?" முதலில் எனக்குச் சுருக்கென்றது. வேகமாக ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

அக்கா கேட்டது சரியான கேள்வி. என் அனுபவத்தில் 42-43 டிகிரி வரை மீன் தானாக நகர்ந்து வந்து எடுக்கிறது, விட்டதும் வால் ஒரு அடி அடித்துப் போகிறது. அதற்குக் கீழே, கையில் பிடித்தால் சோர்ந்து கிடக்கிறது. இருப்பில் உள்ள கொழுப்பை வைத்து மார்ச் வரை ஓட்ட வேண்டிய உயிர் அது. அதனால் இந்த வருடத்திலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்டது: ஒரு மடுவில் நான்கு மீன், பிறகு கிளம்பிவிட வேண்டும், எவ்வளவு நன்றாக எடுத்தாலும். முள்நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். 40-க்குக் கீழே அந்த மடுக்களுக்குப் போவதில்லை. உயிருள்ள சிறுமீனை இரையாக விடுவதையும் நிறுத்திவிட்டேன், ஆழமாக விழுங்கிவிடுகிறது. நவம்பர் 16 குறிப்பில் தொண்டைக்குள் பார்த்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். அவ்வளவு நேரம் அதை வெளியே வைத்திருந்ததும் சரியில்லை.

இதற்கு மேலும் நியாயமா என்றால், எனக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை அக்கா. போகிறேன், குறைத்துக்கொண்டு போகிறேன்.

டிசம்பர் 1

தம்பி படம் அனுப்பியிருக்கிறார்! பதினேழு அங்குலம், நேற்று மதியம் இரண்டு மணி, தண்ணீர் 43. "இருபது எண்ணச் சொன்னீர்கள், பதினேழில் எடுத்தது" என்று எழுதியிருக்கிறார். அங்குலத்துக்கு ஒரு எண் போலிருக்கிறது, அடுத்த தடவை இருபத்திரண்டு எண்ணிப் பாருங்கள்.

நான் அன்று சொல்லாத ஒன்றை அவரே கண்டுபிடித்திருக்கிறார்: விடியற்காலை வேண்டாம். இந்தப் பருவத்தில் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் நேரம், வெயில் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றினால் போதும். நான் பழக்கத்தில் ஏழு மணிக்கே போய் விறைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம். படத்தில் மீனை உதட்டைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். பெரிய மீனுக்கு வயிற்றுக்கடியில் இன்னொரு கையும் வேண்டும், அந்தக் கை நனைந்திருக்க வேண்டும். காய்ந்த கையுறை மேல்வழவழப்பைத் துடைத்து எடுத்துவிடும்.

அப்புறம் கரையோரக் காட்டு வழியாக நடக்கிறவர்கள் ஆரஞ்சுத் தொப்பி போடுங்கள். தேங்க்ஸ்கிவிங் வாரச் சனிக்கிழமையிலிருந்து துப்பாக்கி மான் வேட்டை.

டிசம்பர் 7

படகுத்துறையில் கரையோரம் கண்ணாடிபோல் பனித்தகடு. ராடு வளையங்களில் ஐஸ், நாலு வீச்சுக்கு ஒரு தடவை வாயால் ஊதி உடைத்தேன். தண்ணீர் 39. மடுவுக்குப் போகவில்லை, கரையில் நின்று மகளோடு பார்த்துவிட்டு வந்தேன். சுழியில் இலை இல்லை இப்போது.

வார நடுவில் வெயில் என்று வானிலை சொல்கிறது. 42 தொட்டால் சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கிளம்புகிறேன், படகில் ஒரு இடம் இருக்கிறது தம்பி. கையுறை இரண்டு ஜோடி கொண்டுவாருங்கள், ஒன்று எப்படியும் நனைந்துவிடும். ஃபிளாஸ்க் நான் எடுத்துவருகிறேன்.